நூற்றுக்கு ஏழரையும் பதினைந்து சென்டும்

ஒரு சிறிய சதுரம்.
அதில் நான் டிக் போடவில்லை.
முப்பத்தொரு மாதம்
ராலின்ஸில், ஹீட்டர் இரையும் அறையில்,
காபிக் கோப்பைக்கும் ஸ்டேப்ளருக்கும் நடுவே
அது திறந்தே கிடந்தது
தாழ் போட மறந்த பட்டி மாதிரி.

ஜனவரியில் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதுதான் கண்ணில் பட்டது.
விவசாய விசாவில் வந்தவர் சம்பளத்தில்
சோஷியல் செக்யூரிட்டி பிடிக்கக் கூடாது.
மெடிகேர் பிடிக்கக் கூடாது.
பிடித்திருக்கிறேன்.
நூறு டாலருக்கு ஏழரை டாலரும் பதினைந்து சென்டும்.
இந்த நாட்டில் கிழவனாக அனுமதி இல்லாத ஒருவர்
இந்த நாட்டின் கிழவர்களுக்கான பெட்டியில்
மாதாமாதம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

முதலாளி டோரன்ஸிடம் சொன்னேன்.
"நாம எடுத்துக்கலையே மார்லீன்,
கவர்மென்டுக்குத்தானே போச்சு" என்றார்,
நாற்காலியில் சாய்ந்தபடி.
அவர் எடுத்ததற்கு ஈடாக நாம் கட்டிய பங்கும்
திரும்பி வரும் என்றேன்.
நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"அப்ப சீக்கிரம் கையெழுத்து வாங்கிட்டு வா."

மளிகையும் தண்ணீரும் போகும் லாரியில் ஏறினேன்.
தொண்ணூறு மைல்.
கடைசி இருபதில் சாலை என்று ஒன்றில்லை,
பனிக்கு மேலே வேலிக்கம்பங்களின் தலைகள்தான் வழி.
முதலில் வண்டிவீட்டின் புகை,
பிறகு நாய்கள்,
பிறகு இரண்டாயிரம் ஆடு,
அப்புறம்தான் நெமேசியோ யௌரி.
முப்பத்தொரு தடவை தட்டச்சு செய்த பெயர்.
அதற்கு முகம் இருப்பதை
அன்றுதான் பார்த்தேன். மூக்கின் நுனி வெடித்திருந்தது.

நொண்டும் ஸ்பானிஷில்
"தப்பு" என்றேன்.
"என் தப்பு" என்றேன்.
காகிதத்தில் அந்தச் சதுரத்தை வரைந்தும் காட்டினேன்.
அவர் ஒன்றும் பேசாமல்
அடுப்புக்கு மேலிருந்த பலகையில் கைவிட்டு
உப்புக்கட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

மந்தையை எண்ண வேண்டாமாம்,
கருப்பு ஆடுகளை எண்ணினால் போதும்.
நூறு வெள்ளைக்கு ஒரு கருப்பு.
இருபதும் நின்றால் அந்த ராத்திரி தூங்கலாம்.
நிற்காத நாளின் கணக்குதான் நோட்டு:

கொயோட்டி, மூன்று.
பனி, ஒன்பது.
கழுகு, ஒரு குட்டி.
ஆபீஸ், 145.35.
கொயோட்டி, ஒன்று.
ஆபீஸ், 145.35.

ஒரு சென்ட் பிசகவில்லை.
மென்பொருள் என்னிடம் ஒருநாளும் கூட்டிக் காட்டாத தொகையை
அவர் இரட்டைக் கோடு போட்டு வைத்திருந்தார்: 4505.85.

ஏன் கேட்கவில்லை என்றேன்.
கேட்கும்போதே பதிலும் தெரிந்திருந்தது.
அவர் விசாவில் ஒரே ஒரு பண்ணையின் பெயர்தான்,
அந்தப் பெயர் சுளித்தால்
அடுத்த விமானம் லிமாவுக்கு.
அவர் அதைச் சொல்லவில்லை.
"கொயோட்டியைக் கூப்பிட்டு
யாராவது கணக்குக் கேட்பார்களா, செனோரா?"
சிரித்தார்.
நானும் சிரிக்கப் பார்த்தேன், உதடு வலித்தது.

பேனா மை உறைந்து போயிருந்தது.
கம்கட்டில் இடுக்கிக்கொண்டு
அடுப்பைப் பார்த்தபடி காத்திருந்தார்.
எப்போது வரும்? ஆறு மாதம் ஆகலாம்.
பணமாகவா? செக்காக.
செக்கை இங்கே யாரிடம் மாற்றுவது, ஆட்டிடமா?
நானே மாற்றிக் கொண்டுவருகிறேன் என்றேன்.
அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது.

கையெழுத்துப் போட்டார்.
பேனாவைத் திருப்பித் தராமல் கேட்டார்:
"கிரிசாந்தோவுக்கு?"

இவருக்கு முன்னால் இதே வண்டியில் இருந்தவர்.
ஊர் போய் ஐந்து வருடம்.
மூன்று வருடம் தாண்டினால்
அரசாங்கம் திருப்பித் தராது என்றேன்.
"அவனுக்கும் அதே சதுரமா?"

நாய் வந்து என் பூட்ஸை மோந்தது.
வெளியே தண்ணீர்ப் பீப்பாயை உருட்டும் சத்தம்.

அவர் நோட்டை முன்பக்கமாகத் திருப்பினார்.
வேறு கையெழுத்து, வேறு பென்சில்,
ஓரம் எலி தின்ற தாள்கள்.
அங்கேயும் கொயோட்டி.
அங்கேயும் பனி.
விரலை நனைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார்,
நான் போதும் என்று சொல்வேன் என
எதிர்பார்க்காதவர் மாதிரி.